இரண்டு மஞ்சள் பட்டை

காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்று எழுபத்து மூன்றாம் ஆண்டுக் காலண்டருக்குக் கடற்கரைப் படம் கேட்டது. கலரில் வேண்டும் என்றார்கள். ஸ்டூடியோ வைத்திருந்த குழந்தைவேலு கார்த்திகையில் ஒரு காலை தொண்டிக்குப் பஸ் ஏறினான்.

துறையில் படகுகள் வரிசையாக நின்றன. யாரும் கடலுக்குப் போகவில்லை. பெயிண்ட் உதிர்ந்த ஒரு படகு வெளிச்சத்துக்கு வாகாக இருந்தது. அதன் சொந்தக்காரன் அபூபக்கர்.

"இதையா எடுக்கப் போறீக? பொண்ணு பாக்க வந்த எடத்துல கெழவியக் கேட்ட மாதிரி இருக்கு."

"படத்துல கொமரியாயிரும்."

அபூபக்கர் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான். "நாலு நாளா ஒருத்தன் கரை திரும்பலை. அதான் எல்லாரும் ஒக்காந்திருக்கோம். நீங்க எடுங்க, நான் டீ குடிச்சிட்டு வாரேன்."

படகில் நிறம் போதவில்லை. துறைக்கு வடக்கே, ஆளில்லாத மணலில், வலையில் கட்டும் மிதப்புக்கட்டை ஒன்று கிடந்தது. சிவப்பு, நடுவில் இரண்டு மஞ்சள் பட்டை. நைந்த கயிறு பாசியோடு தொங்கியது. குழந்தைவேலு சாண் நீளம் விட்டுக் கயிற்றைப் பேனாக்கத்தியால் நறுக்கினான். கட்டையைப் படகின் முனையில் வைத்து நான்கு படம் எடுத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கட்டையைப் படகிலிருந்து எடுக்கவில்லை.

தை மாதம் ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கையில் அந்தக் காலண்டர்.

"இது நீங்க எடுத்ததா அண்ணே?"

"ஆமாம்மா. உக்காருங்க."

உட்காரவில்லை. தொண்டியிலிருந்து வருவதாகச் சொன்னாள். பெயர் ஹாஜிரா.

"இந்தக் கட்டை எங்க வீட்டுக்காரக கட்டை. எங்க ஊர்ல வலைக் கட்டைக்கு வீட்டுக்கு ஒரு நெறம். அவுக கார்த்திகையில போனவக வரலை. கட்டை மட்டும் அபூபக்கரு படகுல கெடந்துச்சு, கயிறு கத்தியால அறுத்து. முன்னமே ரெண்டு பேருக்கும் வலை போடுறதுல சண்டை. எந் தம்பி கேக்கப் போனான். போன எடத்துல அவர வெட்டிப்புட்டான்."

"அபூபக்கர்?"

"மூணாம் நாள் ஆஸ்பத்திரியில மவுத்தாயிட்டாரு. தம்பி ஜெயில்ல. கட்டைய நாங்களே கொண்டு போட்டோம்னு பேசுறாக. அது அந்தப் படகுலதான் இருந்துச்சுன்னு கோர்ட்டுல நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அதைச் சொல்லலாம். பொய்யும் ஆகாது.

"நான்தாம்மா வச்சேன்" என்றான் குழந்தைவேலு. மணலில் கிடந்ததைச் சொன்னான். நிறம் போதவில்லை என்பதையும் சொன்னான்.

"கயிறு?"

"நைஞ்சு அறுந்திருந்துச்சு. பார்வையா இல்லைன்னு நறுக்குனேன்."

ஹாஜிரா காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பக் கடல்தான் கொண்டு போயிருக்கு" என்றாள்.

காலண்டரைச் சுருட்டினாள். "தம்பிகிட்டச் சொல்லாதீக. நாயத்துக்குச் செஞ்சோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

"அபூபக்கர் வீட்டுல?"

"அவுக பொஞ்சாதி தண்ணிக்கு வந்தா மத்தவக அவுகவுக கொடத்த எடுத்துக்கிட்டு வெலகிப் போயிர்றாக. நானும் போயிருக்கேன்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அங்க நீங்கதான் சொல்லணும்."

"அங்க சொன்னா சேதி ஜெயிலுக்கும் போயிரும்."

"போகட்டும்."

இரண்டு நாளில் வருவதாகக் குழந்தைவேலு சொன்னான். அவள் நகரவில்லை.

"மூணு மணிக்குத் தொண்டி பஸ் இருக்கு" என்றாள்.