ஒற்றை ஆள் எடை

“நிறுத்து, நிறுத்து, நிறுத்து” என்று தம்பி போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து ஆட்டினான்.

அக்கா நிறுத்தினாள். கடைசி அத்தியாயம். இன்னும் ஒன்றரைப் பக்கம்தான் பாக்கி. மலைக்கோட்டைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கயிற்றுப் பெட்டியில் கதாநாயகி தன்னந்தனியாக ஏறிவிட்டாள். எதிரி தடைக்கட்டையைத் தட்டிவிட்டான். பெட்டி தலைதெறிக்கக் கீழே பாய்கிறது. பதினொரு வருஷமாக மருந்துக்கடை பில் கவுன்ட்டரில் உட்கார்ந்து, இருமல் மருந்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் நடுவில் எழுதிய நாவலில் அவளுக்கே ரொம்பப் பிடித்த இடம் அது.

“என்னடா, தண்ணி வேணுமா?”

“தண்ணி கெடக்கட்டும். பெட்டி ஏன் கீழ போகுது?”

“பிடி விட்டா கீழ போகாம?”

“கயிறு அறுந்துச்சா?”

“இல்ல.”

“மறுபக்கம் கல்லு தொங்குதா?”

அக்கா தலையாட்டினாள். தொங்குகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கல்லை எழுதச் சொல்லிப் பிடிவாதம் பிடித்ததே அவன்தான். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எதிர்எடை இல்லாத பெட்டியை எந்த மாயமந்திர நாட்டிலும் அனுமதிக்க மாட்டான்.

“எட்டு பேர் ஏறுற பெட்டி. பெட்டியோட எடை, கூட நாலு பேர் எடை, அவ்வளவு கனத்துக்குக் கல்லு. நீயே எழுதியிருக்க. இப்ப உள்ள ஒத்த ஆளு. எந்தப் பக்கம் கனம்?”

“...கல்லு.”

“அப்ப பெட்டி?”

“மேல போகும்” என்றாள் அக்கா.

“பாஸாயிட்டீங்க ரைட்டரம்மா.”

கடைசி அத்தியாயத்தை மட்டும் அவள் அவனுக்குக் காட்டாமல் வைத்திருந்தாள். அச்சில் படிக்கட்டும் என்ற ஆசை. ஆனால் புத்தகம் வர மூன்று வாரம் ஆகும். நான்கு நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் வாரக் கணக்கே சொல்லவில்லை, நாள் கணக்குத்தான் சொன்னார். அதனால்தான் இன்று காலை கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு பிரஸ்ஸுக்கு ஃபைல் போகணும்டா. பதினோரு வருஷமா இவளைக் கொல்றதுக்காகவே எழுதிட்டு வந்திருக்கேன்.”

“கொல்லேன். யாரு வேணாங்கிறா? மேல கொண்டுபோய் முட்டிக் கொல்லு. கீழ மட்டும் போகாத. ஊர்ல உள்ள மெக்கானிக்கெல்லாம் சிரிப்பான்.”

“மெக்கானிக்கெல்லாம் இதைப் படிக்கப் போறானா?”

“ஒருத்தன் படிக்கிறான்ல!”

சிரிப்பு இருமலானது. சமையலறையிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்கமாட்டீங்களா? மாத்திரை நேரம்.”

அவன் மாத்திரையை விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தான். “அக்கா, மேல போற பெட்டியைக்கூட முட்டாம நிறுத்தலாம். அவ பொழைச்சுக்குவா. ஒரு வழி இருக்கு.”

“என்ன வழி?”

“கொஞ்சம் கண்ணசந்துட்டு சொல்றேன்.”

அக்கா தரையில் சுவரோடு சாய்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சும்மா ஒரு வரி எழுதிப் பார்த்தாள்: பெட்டி மேலே எழும்பியது. எழுதியதும் முதுகு நிமிர்ந்தது. கீழே எல்லாரும் அவள் பிணத்தைத் தேடிக்கொண்டிருக்க, இவள் மேகத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறாள்! எப்படித் தோன்றாமல் போனது இது? பழைய ஒன்றரைப் பக்கத்தையும் அழித்துவிட்டு விறுவிறுவென்று எழுதிக்கொண்டே போனவள், பெட்டி உச்சியை நெருங்கியதும் நின்றாள்.

“டேய், எந்திரி. எப்படி நிறுத்துறது?”

மணி மூன்று இருபது. கட்டிலுக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. போர்வையின் ஓரம் மட்டும் அசைந்தது.

தம்பி மனைவி வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். “எழுப்பாதீங்கக்கா” என்றாள்.

மறுநாள் காலை சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்தார்கள். போகும் வழியிலேயே பிரஸ்காரர் அக்காவைப் போனில் கூப்பிட்டார். விஷயம் கேட்டதும், “நாளைக்குக் குடுங்கம்மா, மெஷினை ஒரு நாள் வேற வேலைக்கு விடறேன்” என்றார். மத்தியானத்துக்குள் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். வாசலில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு, தம்பியின் கூட்டாளி ‘ஸ்பேனர்’ மட்டும் உட்கார்ந்திருந்தார். தம்பியோடு இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். சொந்தமாக ஒரு ஸ்பேனர்கூட வாங்காமல் தம்பியுடையதையே கடன் வாங்கிக் காலத்தை ஓட்டியதால் வந்த பெயர்.

அக்கா அவர் எதிரே போய் நின்றாள். “ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க.”

அவர் மூக்கை உறிஞ்சினார். “கேளுங்கம்மா.”

“பெட்டில ஒத்த ஆளு. பிரேக் விட்டுடுச்சு. மேல போகுது. முட்டாம எப்படி நிறுத்துறது?”

ஸ்பேனர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சிவந்த கண்ணில் தொழில்காரனின் வெளிச்சம் வந்தது. “எந்த பில்டிங்?”

“என் கதைல.”

“பெட்டியை ஏம்மா நிறுத்தறீங்க? கல்லை நிறுத்துங்க. பெட்டி மேல போகுதுன்னா கல்லு கீழ வருதுல்ல? பெட்டி முட்டறதுக்கு முன்னாடியே கல்லு தரையில உட்காரணும், அப்படிக் கயித்தை அளந்து விடணும். உட்கார்ந்துட்டா இழுக்க ஆளில்ல, பெட்டி அடங்கிடும். ஆனா வெறுந்தரையில உட்காரக்கூடாது. கல்லு செதறும், பெட்டியும் எகிறும். நாங்க ஸ்பிரிங் வைப்போம்.”

“அந்தக் காலத்துல ஸ்பிரிங்குக்கு எங்க போறது?”

காபி குடித்த காகிதக் கோப்பைகளைப் பொறுக்க வந்த தம்பி மனைவி நின்றாள். “கீழதான் உப்பு மலையா குமிஞ்சு கெடக்குமேக்கா. கப்பல்ல ஏத்த வெச்சிருப்பாங்கல்ல, அந்தத் துறைமுகத்துல?”

அக்கா திரும்பினாள். “நீ படிச்சியா?”

“எனக்கு எங்க பொறுமை? நீங்க அனுப்ப அனுப்ப அவர்தான் சொல்லுவார். சொல்லும்போது ரெண்டு மூணு எடத்துல அவரே மாத்திடுவாருன்னு நினைக்கிறேன்.” கோப்பைகளை நாற்காலியில் வைத்தாள். “அப்ப அவ சாகலயா?”

“சாகல.”

“அது எப்படி நிக்கும்? எனக்குப் புரியல.”

ஸ்பேனர் சட்டைப் பையிலிருந்து நூல்கண்டு ஒன்றை எடுத்தார். இரண்டு முழம் அறுத்து, நாற்காலி முதுகின் மேல் போட்டார். ஒரு நுனியில் காலிக் கோப்பை ஒன்றைக் கட்டினார். மறுநுனியில் தம் சாவிக்கொத்தை. கோப்பையைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

“விடட்டுமா?”

விட்டார். கோப்பை விருட்டென்று எழும்பியது. சாவிக்கொத்து கீழே வர, தம்பி மனைவி குனிந்து உள்ளங்கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

கோப்பை நாற்காலியின் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்று, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.