கேமராவோடு வந்த இணைப்பு

மூன்று பேக்கேஜ்கள் இருந்தன. நெட் மட்டும் ஒன்று. நெட்டும் டிவியும் ஒன்று. மூன்றாவதில் இரண்டோடு வாசலுக்கு ஒரு கேமரா இலவசம்.

மாடி வீட்டில் சேர்ந்து குடியிருந்த மூவரில் கோமளாவுக்கு டிவி வேண்டும். அன்புசெல்விக்கு டிசைன் சாஃப்ட்வேர் தடங்கலில்லாமல் ஓட வேகம் வேண்டும். சித்ரகலாவுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதற்குள் வீட்டு ஓனர் தங்கதுரை மாடியேறி வந்துவிட்டார்.

"மூணாவதையே போட்டுக்குங்க கண்ணு. எம்பேர்லயே எடுத்தர்றேன், உங்களுக்கு எதுக்குங்க அலைச்சல்? பொம்பளப் புள்ளைங்க இருக்கற ஊடு. கேமரா இருந்தா உங்க அப்பா அம்மாவுக்கும் தைரியமா இருக்குமுங்க."

அருள்புரத்தில் பனியன் கம்பெனி ஆட்களுக்கு வீடு கிடைத்துவிடும். தனியாகத் தங்கிப் படிக்கும் பெண்கள் என்றால் கதவு பாதிதான் திறக்கும். உடுமலையிலிருந்து வந்த சித்ரகலா அப்படிப் பல கதவுகளின் முன் நின்றவள். "சரிங்க" என்றாள்.

இணைப்புக் கொடுக்க வந்தவனிடம்தான் கேட்கத் தோன்றியது, கேமராவை யார் பார்ப்பார்கள் என்று.

"கனெக்‌ஷன் யார் பேர்லயோ அவுங்க போன்ல வருமுங்க" என்று சொல்லிவிட்டு அவன் ஏணியை மடக்கினான்.

படி முடியும் இடத்தில், அவர்கள் கதவைப் பார்த்தபடி, நீல விளக்கோடு கேமரா உட்கார்ந்தது.

"இனிமே குப்பை கொட்டப் போறதுக்கும் பவுடர் போட்டுட்டுத்தான் போகோணும்" என்றாள் கோமளா. மூவரும் சிரித்தார்கள்.

தகரக் கூரை வீடு. முன்பெல்லாம் கதவைத் திறந்து போட்டுத்தான் காற்று வாங்குவார்கள். இப்போது யாரும் சொல்லாமலே கதவு சாத்தியே இருந்தது. ஒரு நாள் கல்லூரி விட்டுப் படியேறியபோது சித்ரகலாவுக்கு மெலிதாக ஒரு ரீங்காரம் கேட்டது. நிமிர்ந்தாள். கேமராவின் தலை அவள் பக்கம் திரும்பி நின்றது.

தங்கதுரை எதுவும் செய்துவிடவில்லை. அதனால்தான் அந்தப் பயத்தை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. என்ன நடந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? ஒருவேளை தன் மனசுதான் கோணலோ என்றும் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மற்ற இருவரும் வெளியே போயிருந்தார்கள். புழுக்கம் தாங்காமல் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, தலைக்குக் குளித்த ஈரத்தோடு நைட்டியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, மழை வர்றாப்பல இருக்குதுங்க. துணியெல்லாம் எடுத்துருங்க."

படியில் யாரும் இல்லை. குரல் கேமராவிலிருந்து வந்தது.

"சரிங்க" என்றாள் சித்ரகலா.

பதில் சொன்ன தன் குரல் அப்புறம்தான் அவள் காதில் விழுந்தது. பழகிய வாய் அவளைக் கேட்காமலே பணிந்திருந்தது. வாசல் கொடியில் உள்ளாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை எடுக்கப் போனால் அதையும் அவர் பார்ப்பார். போகாவிட்டாலும் அவை அங்கேதான் தொங்கும். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். நீல விளக்கு சிவப்பாகிச் சிமிட்டியது.

தோழிகள் நனைந்துகொண்டு வந்தார்கள்.

"ஏம்புள்ள, நெட்டு இல்ல? இன்னிக்குப் பாட்டுப் போட்டி ஃபைனலு" என்றாள் கோமளா.

"நான்தான் புடுங்குனேன். போட மாட்டேன்."

நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர்கள் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள்.

"என்னையும் அதுல கூப்பிட்டாருடீ" என்றாள் அன்புசெல்வி மெதுவாக. "'லேட்டாயிருச்சுங்களா கண்ணு'ன்னு. நல்லதுக்குத்தானே கேக்கறாருன்னு இருந்துட்டேன்."

கோமளா துண்டால் தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். "நான் துணியவே பாத்ரூம்லதான் காயப்போடறேன். உங்ககிட்டச் சொன்னா கேலி பண்ணுவீங்கன்னு..."

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கதவருகே நின்றது.

"ஏனுங்க கண்ணு, நெட்டு போயிருச்சாட்ட இருக்குதுங்களே?"

இந்த வீடு போனால் அடுத்த வீடு எங்கே? அப்பா என்ன சொல்வார்? சித்ரகலா தரையில் கிடந்த பிளக்கைக் கையில் எடுத்தாள்.

"போகலீங்க" என்றாள். "நாங்கதான் எடுத்துட்டோம். எங்களுக்கு அந்தக் கேமரா வேண்டாமுங்க. கனெக்‌ஷனும் எங்க பேர்லயே எடுத்துக்கறோமுங்க."

தகரத்தில் மழை கொட்டியது. செருப்புச் சத்தம் படியிறங்கவில்லை. அன்புசெல்வி ஓசைப்படாமல் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். கோமளாவின் ஈரக் கை, பிளக்கோடு சேர்த்து சித்ரகலாவின் கையை இறுக்கிப் பிடித்தது.