வாயிலாளுக்குச் சொன்ன சேதி

வீரர்களுக்குப் பிறப்பும் வளர்ப்பும் எழுதிக் கொடுப்பது அவளுடைய வேலை. டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், கணினியில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றைப் பதினெட்டுப் பேர் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். ஆடுகிறவர்களில் ஆளுக்கொரு மலைக்கோட்டை, ஆளுக்கொரு படை. படைக்குத் தலைமை தாங்க ஐம்பது வீரர்கள், ஏதோ பழைய புராணத்திலிருந்து எழுந்து வந்ததுபோல. அப்படியொரு புராணம் உலகத்தில் எங்கும் கிடையாது. மின்னல் கருவுற்றுப் பெற்ற இடிமகள், தன் நிழலை விற்றுவிட்டு அதைத் தேடி அலையும் தேர்ப்பாகன், கடலைக் குடித்துவிட்டு விக்கிக்கொண்டிருக்கும் பூதம் எல்லாரும் அவள் தலைக்குள்ளிருந்து இறங்கி வந்தவர்கள்தான். அலுவலகத்தில் அவளுக்குக் 'கதையக்கா' என்று பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் அவளுக்கே சில நேரம் யாரோ மாதிரித் தெரியும்.

அதற்கு முன்னால் பத்து வருடம், மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாளுக்கு வாசகம் எழுதியவள். "யாரும் படிக்காததை எழுதறதுல எனக்கு நல்ல பழக்கம் மேடம்" என்று நேர்காணலில் சொன்னாள். இயக்குநர் அம்மா வாய்விட்டுச் சிரித்து, அன்றைக்கே வேலை கொடுத்துவிட்டார். அது வெறும் வேடிக்கைப் பேச்சில்லை, இங்கேயும் அப்படித்தான். வீரனின் படத்தைத் தட்டி, அங்கே ஒரு சின்னப் புத்தகக் குறியைத் தட்டி, அதற்குள் 'முழுக்கதை' என்பதையும் தட்டினால்தான் அவள் எழுதியது திறக்கும். ஆட வருகிறவனுக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். அவன் எதற்குக் கதை படிக்கிறான்?

அந்த ஐம்பது பேரில் வாயிலாள் என்று ஒருத்தி இருந்தாள். கையில் ஆயுதம் கிடையாது. மலைத்தெய்வம் சினந்து கோட்டையின் கல்கதவை மேலிருந்து இறக்கியபோது, கீழே ஓடிப்போய் அதை முதுகில் தாங்கியவள். முகம் பக்கச் சுவர்க் கல்லைப் பார்த்தபடி இருந்ததால், தன் பின்னால் யார் யார் தப்பிப் போனார்கள் என்று அவள் பார்க்கவேயில்லை. கதை இப்படி முடியும்: 'எல்லாரும் போய்விட்டார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.'

இந்தக் கதையைக் கதையக்கா எங்கிருந்து எடுத்தாள் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவளுடைய அண்ணன் ஒரு மருத்துவமனையில் வார்டு உதவியாளராக இருந்தவர். ஒருநாள் வெள்ளம் கீழ்த்தளத்துக்குள் புகுந்து மின்சாரம் போனது. மின்சாரம் போனால் தானாகச் சாத்திக்கொள்ளும் கனத்த இரும்புக் கதவு ஒன்று நடைபாதையில் இருந்தது. அதை அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முதுகும் தோளும் கொடுத்துப் பிடித்திருந்தார். நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். இடது தோள் அன்றோடு போயிற்று. வேலையிலிருந்து விலகித் தங்கையின் வீட்டோடு வந்துவிட்டார். அன்று என்ன நடந்தது என்று கேட்டால், "கதவு கனமா இருந்துச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

விளையாட்டு வெளிவந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தராசு அவள் மேசைக்கு வந்தார். எந்த வீரனுக்கும் பலம் கூடிவிடாமலும் குறைந்துவிடாமலும் எண்களைச் சரிபார்ப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"கதையக்கா, வெள்ளிக்கிழமை கூட்டத்துல மூணு பேர நீக்கிடலாம்னு சொல்லப்போறேன். உங்க வாயிலாளும் அதுல இருக்கா."

"ஏன், அவ என்ன பாவம் பண்ணா?"

"ஆயிரம் ஆட்டத்துக்கு மூணுல கூட அவள எடுக்கறதில்ல. எடுத்தாலும் என்ன பிரயோஜனம்? கோட்டை விழும்போது கதவு இறங்கினா எதிரி வெளியவே நின்னுடுவான். இவ நின்னா கதவு இறங்காது, அவன் நேரா உள்ள வந்துடுவான். உள்ள இருக்கற குடிமக்கள் தப்பிக்கலாம், சரி. ஆனா குடிமக்களுக்குப் புள்ளியே கிடையாதே! தோக்கறதுக்குன்னே ஒரு ஆள நாம செஞ்சு வச்சிருக்கோம்."

அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. குயவர், உழவர், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் தாய் என்று கோட்டைக்குள் நடமாடும் சின்னச் சின்ன உருவங்களை ஆடுகிறவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கோட்டை வெறிச்சோடித் தெரியக்கூடாது என்பதற்காக மட்டும் போட்டவை அவை.

புதன்கிழமை மதியம் தராசு மறுபடி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உங்க ஆளு ஆட்டத்தத் தொங்க விடுறா. ஏதோ கோளாறு இருக்கு. கோட்டை போயாச்சு, ஜெயிச்சவன் யாருன்னு தெரிஞ்சாச்சு, அப்புறமும் பத்து நிமிஷம், பன்னெண்டு நிமிஷம் ஆட்டம் முடிய மாட்டேங்குது. அவ இருக்கற ஆட்டத்துல மட்டும். வந்து பாருங்க."

அவர் மேசையில் பதிவான ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கோட்டை எரிகிறது. காக்கிறவனின் படை முழுக்க அழிந்துவிட்டது. வாயிலாள் ஒருத்திதான் மிச்சம். கல்கதவு இறங்க, அவள் அதை முதுகில் வாங்குகிறாள். எதிரே சரிவில் நாற்பது குதிரைவீரர்கள். ஒரே பாய்ச்சலில் உள்ளே போய் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். ஆனால் அவர்கள் நின்றார்கள்.

"இந்த இடத்துலதான் மாட்டிக்குது" என்றார் தராசு.

"மாட்டல. நிறுத்தியிருக்காங்க."

குதிரைவீரர்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். உள்ளிருந்து ஒரு குயவன் வந்தான். தோற்றுப்போனவன் அவனைச் சுட்டியால் தொட்டு, நடக்க வைத்து, கதவுக்கு வெளியே கொண்டுவந்து விட்டிருந்தான். பிறகு ஓர் உழவன், பிறகு ஒரு கிழவி. ஒவ்வொருவராக, பொறுமையாக. எழுபத்திரண்டு பேர். ஜெயித்தவன் அத்தனை நேரமும் ஒரு குதிரையைக்கூட அசைக்கவில்லை. கடைசியாகக் குழந்தையோடு அந்தத் தாய் வெளியே வந்து நின்றாள். அப்போது, ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பேச்சுப் பெட்டியில், ஜெயித்தவன் பக்கத்திலிருந்து ஒரு வரி வந்து விழுந்தது. ஏதோ அயல்மொழி. தராசு அதை மொழிபெயர்க்கும் பெட்டியில் போட்டார்.

'எல்லாரும் போய்விட்டார்கள், தாயே.'

தோற்றவனும் அதையே அடித்தான், அவன் மொழியில். அதன் பிறகுதான் தோல்வியை ஒப்புக்கொண்டு அவன் ஆட்டத்தை முடித்தான்.

கதையக்கா பக்கத்து நாற்காலியைக் கையால் தடவி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா இருக்கும்" என்றார் தராசு. வேறொரு பதிவைத் திறந்தார். வேறு கோட்டை, வேறு ஆட்கள். அங்கே யானைப்படை நின்றது. வரி மட்டும் அதே வரி. இன்னொன்று. அதில் ஜெயித்தவன் அவசரக்காரன் போல. ஒரு வேல்காரனை உள்ளே அனுப்பிவிட்டான். தோற்றவன் ஒரே வரி எழுதினான்: 'அவள் நிற்கிறாள், பார்க்கவில்லையா?' வேல்காரன் திரும்பி வெளியே போனான். ஜெயித்தவன் மன்னிப்புக் கேட்டான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை.

தராசு பேச்சை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். விசைப்பலகையில் என்னென்னவோ கேள்விகள் தட்டினார். முக்கால் மணி நேரத்தில் விடை வந்தது. வாயிலாள் கதவைத் தாங்கி நின்ற ஆட்டங்கள் முப்பத்தெட்டாயிரம்.

"இதுல எத்தன ஆட்டத்துல எதிரி உள்ள புகுந்து அடிச்சான்னு கேட்டேன். பாதியாவது இருக்கும்னு நினைச்சேன்."

"எத்தன?"

"இருநூத்திப் பதினேழு."

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே டயர் கடையில் எதையோ சுத்தியலால் அடிக்கிற சத்தம் கேட்டது. முன்பின் முகம் பார்க்காத இத்தனை ஆயிரம் பேர். பேசும் மொழி வேறு, உறங்கும் நேரம் வேறு. யாரும் விதி போடவில்லை, பரிசு சொல்லவில்லை. மூன்று தட்டுத் தட்டித் திறக்க வேண்டிய ஒரு பக்கத்தை எவனோ ஒருவன் எங்கோ படித்திருக்கிறான். நின்றிருக்கிறான். எதிரே இருந்தவனுக்கும் புரிந்திருக்கிறது. தராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இத நான் எந்தக் கட்டத்துல எழுதறது கதையக்கா? என்கிட்ட இதுக்குக் கட்டமே இல்லயே" என்றார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் வேறு எதுவும் பேசவில்லை. மூன்று பதிவுகளை வரிசையாக ஓடவிட்டார். எதற்கும் அசராத இயக்குநர் அம்மா, மூன்றாவது முடிந்தபோது மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தார்.

விளம்பர வேலை பார்க்கிற பையன் முதலில் வாயைத் திறந்தான். "அருமை மேடம்! காப்பாத்தற ஒவ்வொரு ஆளுக்கும் பத்துப் புள்ளி, முழுசாக் காப்பாத்தினா ஒரு பதக்கம்னு வச்சா..."

"வேண்டாம்" என்றாள் கதையக்கா. கூட்டங்களில் அவள் குரல் கேட்பதே அபூர்வம், எல்லாரும் திரும்பினார்கள். "புள்ளி குடுத்தா புள்ளிக்காக நிப்பாங்க. இப்ப அவங்க அவளுக்காக நிக்கிறாங்க. நாம கை வச்சா கெட்டுடும்."

இயக்குநர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாரும் எதையும் தொடாதீங்க" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

எழுந்து கலையும்போது ஓவியர் மட்டும் தயங்கினார். வாயிலாளை வரைந்தவர் அவர்தான். "எனக்கு வெக்கமா இருக்கு. அவசரத்துல வரைஞ்சது. ரெண்டு கையையும் தூக்கி ஏதோ நடனம் ஆடற மாதிரி நிக்க வச்சிருக்கேன். அப்படி நின்னா ஒரு நிமிஷம் தாங்குமா? இத்தன பேர் பாக்கற உருவத்த ஒழுங்கா வரையணும். அந்த மாதிரிக் கனம் தாங்கினவங்க யாராவது கிடைப்பாங்களா?"

கதையக்கா வாசலில் திரும்பி நின்றாள். "எங்க அண்ணன் இருக்காரு."

மறுநாள் காலை அண்ணன் பால்கனியில் மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்து வீட்டு விசிறிகளெல்லாம் அவர் கையில்தான் பிழைக்கும்.

"அண்ணா, உன்ன ஒரு கதையில போட்டுட்டேன்."

"நல்லவனாவா, கெட்டவனாவா?"

"பொம்பளையா."

திருப்புளி நின்றது. "அதுக்கு நீ கெட்டவனாவே போட்டிருக்கலாம்" என்றார். சிரிப்பு வந்தாலும் அவள் விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கதவு, கல், முப்பத்தெட்டாயிரம். அவர் ஒரு மரையாணியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். தராசு எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். முதல் பதிவை ஓடவிட்டார்கள். குயவன் வந்தான், உழவன் வந்தான். அண்ணன் திரைக்கு மிக அருகில் குனிந்து ஒவ்வொருவரையும் பார்த்தார். கடைசியில் அந்த வரி வந்தது.

"என்னன்னு எழுதியிருக்கு?"

தங்கை அதைப் படித்துக் காட்டி, தன் கதையின் கடைசி வரியையும் சொன்னாள்.

அவர் நாற்காலியைத் தங்கை பக்கம் திருப்பினார். பிறகு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"என்ன அண்ணா?"

"யாரும் சொல்லலன்னு. நான் உன்கிட்ட சொன்னதே இல்லயே. அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லல. அவங்கவங்க அவசரம், தப்பில்ல. சத்தம் அடங்கி ரொம்ப நேரம் கழிச்சு நானாத்தான் திரும்பிப் பாத்தேன். காலி சக்கர நாற்காலி ஒண்ணு தண்ணியில நின்னுட்டிருந்துச்சு. யாராவது உள்ள விட்டுப்போயிருந்தா என்ன பண்றதுன்னு மறுபடியும் கதவப் புடிச்சுக்கிட்டேன்."

'யாரும் சொல்லவில்லை' என்ற அந்த வரியைக் கதையக்கா கற்பனை என்று நினைத்துத்தான் எழுதினாள். எட்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டும் அவருக்குள் இருந்ததை அவள் அறியவில்லை. அவள் கைக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஓவியர் படத்தை நீட்டினார். அண்ணன் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கையால தாங்கினா பத்து நிமிஷத்துல ஆள் காலி. எலும்புல வாங்கணும் தம்பி. இருங்க."

சாமான் அறைக்கு ஒரு இரும்புக் கதவு இருந்தது. அண்ணன் அதன் முன் போய், வலது காலை முன்னே ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, கெட்டுப்போன அந்த இடது தோளைக் கதவில் சாய்த்தார். தலை தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. "ரெண்டு பேர் அந்தப் பக்கம் நின்னு நல்லா தள்ளுங்க" என்றார். விளம்பரப் பையனும் இன்னொருவனும் தள்ளினார்கள். கதவு அசையவில்லை.

ஓவியரின் பென்சில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொருவராக மேசையை விட்டு எழுந்து வந்தார்கள். இயக்குநர் அம்மாவும் அறையிலிருந்து வந்து, கைகட்டி நின்றார். விசிறி பழுதுபார்க்கிற, சலவைச் சட்டை போட்ட அந்த மனிதரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. கதையக்கா தன் அண்ணனை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வரைஞ்சாச்சா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் அண்ணன்.

"இன்னும் கொஞ்சம் சார்."

"நிதானமா வரைங்க. அவசரமில்ல."