காவல் மாற்ற ஆள் வரவில்லை

டமாரம் என்று நாங்கள் கூப்பிட்ட என் நண்பன் பட்டாளத்தில் விட்ட குறட்டை தாங்காமல், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதிரிகள் வெள்ளைக் கொடியோடு வந்து, அவனைக் கொஞ்சம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். நம்பாதவர்கள் அந்த மலைக்குப் போனதில்லை. நான் பக்கத்துப் படுக்கையில் இருந்தவன்.

ஓய்வு பெற்ற பிறகும் அவன் காவலை விடவில்லை. வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு மர நாற்காலி, கையில் ஒட்டடைக் கம்பு. யார் தட்டினாலும், "நில்! யார் அது? இன்னிக்கு வார்த்தை என்ன?" என்பான். அந்த அடையாள வார்த்தை தினமும் மாறும். அவன் மாப்பிள்ளை ஒருநாள் தெருவே வேடிக்கை பார்க்க, "என் மாமனார்தான் அழகு" என்று தொண்டை கட்டக் கத்திவிட்டுத்தான் உள்ளே போனார். காய்கறிப் பையோடு வரும் மனைவி, "கதவைத் திறக்கிறீங்களா, இல்ல இன்னிக்குப் பட்டினியா?" என்பாள். "அதேதான் இன்னிக்கு வார்த்தை!" என்று கதவு உடனே திறக்கும்.

மகன் மட்டும் மசியவில்லை. தணிக்கை அலுவலகத்தில் வேலை. சிரிப்பதற்குக்கூட மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்கிற முகம். வெளியூரிலிருந்து வரும்போதெல்லாம் வார்த்தை சொல்லாமல் கொல்லைப்புறமாகச் சுற்றிப் போவான். "எதிரி பின்பக்கமா நுழையறான்!" என்று டமாரம் கூவுவான்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். வழக்கமான குறும்பு என்று நினைத்து மனைவி சாயங்காலம் வரை அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனதும் சாத்திய வாசல் கதவு, அதன்பிறகு திறக்கவே இல்லை. எல்லாரும் கொல்லை வழியாகவே நடந்தோம்.

மகன் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தன் ஊருக்கு அழைத்துப் போக வண்டியோடு வந்தான். அவளுக்குப் போக இஷ்டமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"வாசல் வழியா இந்த வீட்டுக்கு வந்தவ நான். வாசல் வழியாத்தான் போவேன். கதவைத் திற, வரேன்."

தச்சர் வந்தார். உள்ளே போய்ப் பார்த்தார்: தாழ்ப்பாள் போடவில்லை, பூட்டும் திறந்திருந்தது, மரமும் உப்பவில்லை, நாற்காலியும் காலி. தெருவில் நின்று தள்ளிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு உளியைப் பையில் போட்டார்.

"கதவுல கோளாறு ஒண்ணும் இல்லீங்க. உள்ள யாரோ பிடிச்சிக்கிட்டு இருக்காங்க."

கூலி கேட்காமலே போய்விட்டார். டமாரத்தின் மனைவியோ கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் வாசலில் நின்ற எங்களுக்குக் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காவலில் நிற்பவன், மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை இடத்தைவிட்டு அசையக்கூடாது. தளபதியே கூப்பிட்டாலும் கூடாது. செத்துப்போனால் போகலாமா என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"தம்பி, உங்கப்பாவை நாம யாரும் மாத்தி விடல," என்றேன்.

"மாமா, உங்க கதையெல்லாம் அவர்கிட்ட வெச்சுக்கங்க."

"அவன்கிட்டதானே இருக்கு பிரச்சினை."

முதலில் நானே கதவருகே போய், காவல் மாற்ற வந்திருப்பதாகச் சொன்னேன். உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். அவன் என்னைச் சீட்டாட்டத்திலேயே நம்பியதில்லை.

மகன் முகம் வெளுத்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்றான்.

"காவல் மாத்த வந்திருக்கேன்."

கதவு அசையவில்லை.

"நான்தான்பா... உங்க பையன். நீங்க போங்க. இனி நான் பாத்துக்கறேன்."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. பூட்ஸ் குதிகால்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். உச்சி வெயிலில் எனக்குப் பல் கிட்டியது. கதவு, எண்ணெய் போட்டதுபோல் தானாகத் திறந்தது. டமாரத்தின் சவரச் சோப்பு வாசனை எங்கள் நடுவே கடந்து தெருவுக்குப் போயிற்று. போகிறபோக்கில் என் தொப்பையில் செல்லமாக ஒரு தட்டு. அந்தத் தட்டை வேறு யாரும் தட்டியதில்லை.

டமாரத்தின் மனைவி, சொன்ன சொல் தவறாமல், பெட்டியோடு வந்தாள். அதற்குள் மகன் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திருடா, வண்டி நிக்குது."

"எப்படிம்மா வர முடியும்? மாத்த ஆள் வரல இல்ல?"

 அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும்?" என்றாள். எனக்கென்னவோ அவள் சிரித்ததுபோல்தான் பட்டது. வண்டி காலியாகத் திரும்பியது.

மறுவாரம் போய்க் கதவைத் தட்டினேன்.

"நில்! யார் அது?" மெலிந்த குரல். மகனுடையதுதான்.

"நான்தான்டா."

கதவுக்கு மிக அருகில் மூச்சு கேட்டது. "மாமா... காவல் மாத்தவா வந்திருக்கீங்க?"

அவன் கேட்டதில் விளையாட்டே இல்லை. தாகத்தோடு தண்ணீர் கேட்கிற குரல் அது. பேப்பர் படிக்க வந்தேன், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இப்போதெல்லாம் அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

மாப்பிள்ளை அடுத்த மாதம் வருகிறாராம். தங்கமான மனுஷர். வேடிக்கைக்காக எதைச் சொல்லச் சொன்னாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.