ஆறு மணி மூச்சு

கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும், எரிக்கின் வாயருகே யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

சன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. காக்ஸ் டவுனில் அந்த மாடிவீட்டில் அவனைத் தவிர ஆளில்லை. மனைவி நிக்கோலுக்கு நாற்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது.

அவள் இருந்தபோதும் மாலை ஆறு மணிக்கு இதே இடம்தான். டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடந்தாலும் எழுந்து வருவாள்.

"எரிக், ஊது."

"தினம் என்னா இது, டிராபிக் போலீஸ் மாதிரி?"

"அவங்க கிட்ட மாட்டுனா லைசென்ஸ்தான் போகும். இங்க என் கிட்னி போகும். ஊது."

அவனுடைய சிறுநீரகம் ஒன்று அவளுக்கு என்று பேச்சு. டாக்டர் போட்ட நிபந்தனை ஒன்றே: இரண்டு மாதம் சிகரெட்டைத் தொடக்கூடாது. புகை சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், சிறுநீரில் புரதம் ஒழுகும், அப்படிப்பட்டவனிடம் ஒன்றை எடுத்தால் மிஞ்சியது தாங்காது என்றார். எரிக் தலையாட்டினான். ஆனாலும் தினம் மதியம் ஒன்றே ஒன்று பிடித்தான். மாலையில் வாடை தெரியாமலிருக்க முனிராஜ் கடையில் லவங்கம் வாங்கி மென்றுவிட்டு மாடியேறினான். அவள் முகர்ந்துவிட்டுச் சிரிப்பாள்.

பரிசோதனையில் புரதம் வந்தது. ஆபரேஷன் இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஐந்தாவது வாரம் காய்ச்சல் கண்டு நிக்கோல் போய்விட்டாள்.

இப்போது அந்த மூச்சு, அவன் சிகரெட் பிடித்த நாளில் மட்டுமே வந்தது. பிடிக்காமல் இரண்டு நாள் சோதித்தும் பார்த்தான். வீடு வெறும் வீடாக இருந்தது. அதனால் தினம் மூன்று பிடித்தான். பிறகு ஆறு.

திங்கட்கிழமை டாக்டர் அவனுடைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "புரதம் முன்னவிட ரெண்டு மடங்கு. பிபியும் ஏறியிருக்கு. இப்ப விட்டா காப்பாத்தலாம். இல்லன்னா அவங்க படுத்த அதே கட்டில்தான்."

அந்தக் கட்டில் சன்னலோரம் கிடந்தது அவனுக்கு நினைவு வந்தது. பயம் வரவில்லை.

மாலை முனிராஜ் கேட்காமலே சிகரெட்டையும் இரண்டு லவங்கத்தையும் எடுத்து வைத்தார்.

"லவங்கம் வேணாம்ணா."

"அதுவும் சரிதான், வீட்ல யாரு மோந்து பாக்க..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, பாட்டில்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

பிடித்து முடித்து, வாய் கொப்பளிக்காமல் மாடியேறினான். கதவைத் திறந்தான். மூச்சு வந்தது, மிக அருகே.

"பிடிச்சேன் நிக்கி. அப்பவும் பிடிச்சேன், தினமும். இதான் கடைசி. இனிமே நீ வரமாட்ட, தெரியும்."

மூச்சு நின்றது. இத்தனை நாளும் அது உள்ளேதான் இழுத்தது. இன்று முதன்முறையாக வெளியே விட்டது. அவன் உதட்டின் மேல், வெதுவெதுப்பாக.

லவங்கம் மணத்தது.

மறுநாள் ஆறு மணிக்கு வந்தான். ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, வெறுங்காற்றில் ஊதினான்.