எல்ஸ்பெத் சுட்ட சீஸ் ஸ்கோன்

பக்கவாதத்தில் எல்ஸ்பெத்தின் வலது கை விழுந்துபோனதும், சமையலறை அவள் தங்கை ரோனாவின் வசம் போனது. ரோனா கெட்டவள் இல்லை. எடின்பரோவில் இருந்த வேலையை உதறிவிட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ள எங்கள் கடலோர ஊரான பிட்டன்வீமுக்கு வந்தவள். ஆனால் வந்த நாளிலிருந்து அக்காவை ஒரு கரண்டியைக்கூடத் தொட விடவில்லை.

உயிர்காப்புப் படகுக்கு நிதி சேர்க்க தேவாலயக் கூடத்தில் ஆண்டுதோறும் தேநீர் விருந்து நடக்கும். அந்த வருஷ விருந்துக்கு முதல் நாள், ரோனா தேநீரோடு தின்னும் குட்டி ரொட்டியான சீஸ் ஸ்கோனைக் கடையில் வாங்கி வந்து, அக்காவின் நீலத் தட்டில் அழகாக அடுக்கினாள்.

"என்னடி இது?"

"வருஷா வருஷம் உன் ஸ்கோன் இருக்கும்லக்கா. இந்த வருஷமும் உன் பேர்ல ஒரு தட்டு இருக்கட்டுமேன்னு…"

"கடைச் சரக்குக்கு என் பேரா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஒத்தக் கையால என்ன பண்ணுவ? சுட்டுக்கிட்டா யாரு பாக்குறது?"

மறுநாள் காலை ரோனா பால் வாங்கக் கிளம்பியதும், எல்ஸ்பெத் வீட்டுக் கதவை உள்ளிருந்து தாழிட்டாள்.

உள்ளே நடந்ததை அவளே பிறகு எங்களிடம் சொன்னாள். கிண்ணம் நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி விரித்தாள். சீஸ் துருவியை மேசை இழுப்பறைக்குள் செருகி, இழுப்பறையை இடுப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, செடார் சீஸ் கட்டியை இடது கையால் துருவினாள். இரண்டு முறை கட்டி தெறித்துத் தரையில் உருண்டது. கழுவிவிட்டு மறுபடி துருவினாள். மாவில் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்க்கும் வேலை, பழகாத இடது கைக்குப் பிடிபடவே இல்லை. பாதி கட்டியாகவே நின்றது. கடுகுத்தூள் டப்பாவின் மூடியைப் பல்லால் திறந்தபோது, ஒரு கரண்டி விழ வேண்டிய இடத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மோர் ஊற்றிப் பிசைந்தாள்.

இதற்குள் ரோனா திரும்பி வந்து கதவை இடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! கதவத் திற! என்ன பண்ற உள்ள?"

"மாவு பிசையுறேன்!"

"திறக்குறியா, ஆளக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு! வர்றவங்களும் வெளியிலயே நிக்கட்டும்!"

வட்டமாக வெட்டும் அச்சு அவளுக்குச் சரிப்பட்டு வரவில்லை. கத்தியால் கோணல்மாணலாக வெட்டித் தட்டில் வைத்து ஓவனுக்குள் தள்ளினாள். வெளியே எடுக்கும்போது மணிக்கட்டில் சூடு பட்டது. தண்ணீரில் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் கதவைத் திறந்தாள். ரோனாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எல்ஸ்பெத் அவளைச் சுற்றிக்கொண்டு, தட்டோடு தேவாலயக் கூடத்துக்கு நடந்தாள். கடை ஸ்கோன் தட்டைத் தூக்கிக்கொண்டு ரோனாவும் பின்னாலேயே வந்தாள்.

நான் அங்கே கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று மலைபோல், ஒன்று அப்பளம்போல், எல்லாம் அடிப்பக்கம் கறுத்த ஸ்கோன்கள். தட்டைச் சுற்றி எல்லோரும் கூடிவிட்டோம்.

"அடடா, ஒத்தக் கையாலயா! என்ன தைரியம்!"

"பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டியோ!"

எல்ஸ்பெத்தின் முகம் இறுகியது. "தைரியம் எப்படி இருக்குன்னா கேட்டேன்? ஸ்கோன் எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றேன் நான். சத்தியமாகப் பொய்.

முப்பது வருஷமாக அவளோடு ஸ்கோனில் போட்டி போடும் மேவிஸ் மட்டும் நிதானமாக ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். அவள் கண்ணில் நீர் கட்டியது.

"கடுகு மூக்குல ஏறுதுடி. அடி தீஞ்சிருக்கு. வெண்ணெய் கட்டி கட்டியா நிக்குது. இத யாராவது திம்பாங்களா?"

ரோனா மேவிஸை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

எல்ஸ்பெத் சிரித்தாள். கை விழுந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. "உன் ஸ்கோன் மட்டும் என்ன வாழுது? போன வருஷம் அதக் கடிச்சுதான் பாதிரியார் பல்லு ஆடுச்சு!"

"பொய்! அவர் பல்லு முன்னாடியே ஆடிச்சு!"

இருவரும் தேநீர் ஆறும்வரை சண்டை போட்டார்கள். மேவிஸ் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மூன்று ஸ்கோன் தின்றாள். கடை ஸ்கோன் இருந்த நீலத் தட்டை ரோனா சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளியதை நான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரோனா கேட்டாள்: "அடுத்த தடவை ஓவன்லேர்ந்து எடுக்கவாவது என்னக் கூப்பிடுவியாக்கா?"

"கடுகு மூடியத் திறக்கக் கூப்பிடுறேன்" என்றாள் எல்ஸ்பெத். "ஓவன் பக்கம் வந்தீன்னா பாரு."