நீங்கள் எழுந்தால்

வெளிச்சம் வரும் முன்பே குளத்தூருக்கு வடக்கே இருந்த கல்குவாரியில் சம்மட்டிச் சத்தம் தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது. ஆண்கள் கல்லை உடைப்பார்கள். பெண்கள் ஜல்லியைக் கூடையில் அள்ளி, மேட்டில் நிற்கும் லாரிக்குச் சுமப்பார்கள். கல்தூள் தொண்டைக்குள் போய், குடிக்கிற கஞ்சியிலும் கரகரக்கும்.

ஜல்லி நிறைந்த கூடையை யாரும் தானாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒருத்தி குனிந்து, விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அந்த வேலைக்கென்றே மூக்காயி இருந்தாள். புருஷனை இழந்தவள், முரட்டுக் கைக்காரி. "சும்மாட்டச் சரியா வையிடி, கழுத்து ஒடிஞ்சு போகும்" என்று அதட்டிக்கொண்டே ஒவ்வொரு கூடையையும் ஏற்றிவிடுவாள். அவள் வாய்க்குப் பயந்தவர்கள்கூட அவள் கைக்குக் காத்து நிற்பார்கள்.

கல் உடைப்பவர்களில் அழகுமலைக்கு மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். காண்ட்ராக்டர் ஆவுடையப்பன் அவனுக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார். ஏழையாய்ப் பிறந்தவன் பணக்காரன் ஆவது எப்படி என்று சொல்கிற புத்தகம். அதைப் படித்துத்தான் தான் லாரி வாங்கியதாக அவர் சொல்லிக்கொள்வார். அந்த லாரிக்காக மாமனாரின் தென்னந்தோப்பு விலைபோன கதையை மட்டும் சொல்லமாட்டார்.

புத்தகத்தைச் சும்மா பழிப்பதற்கில்லை. அது கைக்கு வந்த பிறகுதான் அழகுமலை சாராயத்தை விட்டான். தலைவாரி, நிமிர்ந்து வேலைக்கு வந்தான். காரணம், அந்தப் புத்தகம் அவனை "நீங்கள்" என்று கூப்பிட்டது. "நீங்கள் எளியவர் அல்ல. நீங்கள் எழுந்தால் உங்களைத் தடுக்க யாராலும் முடியாது." பிறந்ததிலிருந்து வாடா, போடா என்றே கேட்டு வளர்ந்தவனுக்கு, அச்செழுத்தில் ஒருவர் மரியாதை கொடுத்தால் நெஞ்சு நிறையாதா? கஞ்சி வேளையில் அந்த வரியை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பான்.

"ஒங்களத்தான் சொல்லுது. சரி, கஞ்சியக் குடிங்க" என்று அவன் மனைவி செவந்தி சிரிப்பாள்.

மாசி மாதத்தில் காண்ட்ராக்டர் மூக்காயியை வேலையிலிருந்து நிறுத்தினார்.

"ஏத்திவிடுறதுக்குத் தனியா ஒருத்தி, அவளுக்கு ஒரு கூலியா? அவவ கூடைய அவவ தூக்கட்டும். இனிமே கூடைக்குத்தான் கூலி. அடுத்தவ கைய நம்புறவ உருப்படமாட்டா. புத்தகத்துல போட்டிருக்கா இல்லையாடா அழகுமலை?"

"போட்டிருக்குங்க" என்றான் அவன். போட்டுத்தான் இருந்தது.

"ஒன்னைய மேஸ்திரி ஆக்கப்போறேன். இவளுகளப் பழக்கு."

கூடைக்குக் கூலி என்றானதும் குவாரியில் பேச்சு நின்றது. இன்னொருத்திக்குத் தூக்கிவிட நின்றால் தன் கூடை ஒன்று குறையும். கூடையை ஒரு கல்லின்மேல் நிறுத்தி, குனிந்து தலையைக் கொடுத்து, தம் பிடித்து எழுந்தார்கள். பக்கத்தில் நிற்பவள் முகத்தைப் பார்ப்பதே குறைந்துபோனது.

ஒருநாள் காலையில் செவந்தி கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்கிட்டு வந்து ஒரு கை புடிங்க."

அழகுமலை சம்மட்டியோடு பக்கத்தில்தான் நின்றான். மேட்டில் காண்ட்ராக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஆகப்போகிறவன் முதலில் பெண்டாட்டிக்கே சலுகை காட்டுவதா?

"நீயே தூக்கிப் பழகு" என்றான்.

அவள் தூக்கினாள். கூடை சரிந்தது. கூடையைத் தாங்கிய கல்லும் புரண்டு அவள் பாதத்தின்மேல் விழுந்தது. அலறல் கேட்டு, வெளியே சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த மூக்காயி ஓடிவந்து கல்லைப் புரட்டித் தள்ளினாள். அழகுமலை சம்மட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றான்.

காண்ட்ராக்டர் இறங்கி வந்தார். "மனசு ஒரு நெலையில இல்லேன்னா இப்பிடித்தான் ஆகும். வைத்தியச் செலவுன்னு எங்கிட்ட வராதீங்க. நாளையிலருந்து நீ மேஸ்திரிடா. நாளைக்கு லாரி நிக்கக்கூடாது."

மறுநாள் விடியலில் அழகுமலை குவாரிக்கு வந்தபோது, செவந்தியைப் பற்றிக் கேட்க மூக்காயி காத்திருந்தாள். மற்றப் பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

"எலும்பு சேருமான்னு தெரியலக்கா. அவ கூப்பிட்டா. நான் போகல" என்றான். மடியிலிருந்து புத்தகத்தை உருவினான். "இந்தச் சனியனக் கிழிச்சு எறியணும்."

"அத ஏண்டா கிழிக்கிற? நல்லாத்தானே சொல்லுது. நீங்க எந்திரிச்சா ஒங்களத் தடுக்க ஆளில்லன்னு நீதானே படிச்ச? நம்ம எல்லாரையும் பாத்துத்தானே சொல்லுது!" என்றாள் மூக்காயி.

"எல்லாரையும் இல்லக்கா. படிக்கிற ஒருத்தனத்தான் சொல்லுது. மரியாதைக்கு நீங்கள்னு போட்டிருக்கு."

மூக்காயி நம்பவில்லை. "ஒருத்தனையா? ஒருத்தன் எந்திரிச்சா அமுக்கி ஒக்கார வச்சிருவாங்களே. இம்புட்டுப் பெரிய புத்தகம் எழுதுனவனுக்கு அதுகூடவா தெரியாது?"

எழுதியவனுக்குத் தெரியாதுதான். அழகுமலைக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் புத்தகத்தைக் கிழிக்கவில்லை. மடியில் செருகிக்கொண்டு, பெண்களோடு உட்கார்ந்து பேசினான்.

காண்ட்ராக்டர் வந்தபோது கூடைகள் நிறைந்து வரிசையாக இருந்தன. பக்கத்திலேயே ஆணும் பெண்ணுமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். லாரி காலியாக நின்றது.

"என்னடா மேஸ்திரி இது?"

"மேஸ்திரி வேலை எனக்கு வேணாங்க. மூக்காயியக்காவ மறுபடி வேலைக்குச் சேக்கணும். செவந்தி வைத்தியத்த நீங்க பாக்கணும். அதுவரைக்கும் கூடை ஏறாதுங்க."

"ஏய் இருளாயி, நீ தூக்குடி!"

இருளாயி எழுந்தாள். நேற்றுவரை யாருக்கும் கை கொடுக்காமல் அதிகக் கூடை சுமந்தவள் அவள். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு தன் கூடைக்கு எதிரே போய் நின்றாள்.

"தூக்கிவிடுங்க மொதலாளி" என்றாள் இருளாயி.

"என்னையவா? யாருகிட்டடி பேசுற?" காண்ட்ராக்டர் கையை ஓங்கினார்.

அத்தனை பேரும் எழுந்தார்கள். ஓங்கிய கை மெல்லக் கீழே வந்தது.

"இலுப்பூர்லருந்து ஆள எறக்குறேன் பாருங்க."

"எறக்குங்க. அவுகளுக்கும் கூடை தானா ஏறாதுங்க. நாங்க போயி சொல்லுறோம்" என்றான் அழகுமலை.

காண்ட்ராக்டர் பின்னால் ஓரடி நகர்ந்து கத்தினார். "நீங்க என்னதான் நெனச்சுக்கிட்டிருக்கீங்க?"

மூக்காயி அழகுமலையின் விலாவில் இடித்தாள்.

"கேட்டியாடா? நீங்கன்னா எல்லாரையுந்தான்."